குழாயைத் திறந்துவிட்டவள் எழுதுவது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பெங்களூரின் தண்ணீர்த் தட்டுப்பாடு பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். குழாய்களுக்கு ஏரேட்டர் (தண்ணீரோடு காற்றைக் கலந்து ஓட்டத்தைக் குறைக்கும், குழாய் வாயில் மாட்டும் சின்ன வலை) மாட்டச் சொன்ன உத்தரவை அதில் பாராட்டியிருந்தீர்கள், சந்தோஷம். ஆனால் நடுவில் ஒரு வரி. இல்லத்தரசிகள் குழாயைத் திறந்துவிட்டபடி பாத்திரம் தேய்ப்பதை நிறுத்தினாலே பாதிப் பஞ்சம் தீர்ந்துவிடுமாம். எழுதியவர் என் சமையலறைக்கு எப்போது வந்து பார்த்தார் என்று தெரியவில்லை. சொல்லிவிட்டு வந்திருந்தால் காப்பியாவது கொடுத்திருப்பேன். டம்ளரை அவரே கழுவி வைத்துவிட்டுப் போயிருக்கலாம்.

நான் திருவல்லிக்கேணியில் ஒண்டுக்குடித்தனத்தில் வளர்ந்தவள். எட்டுக் குடித்தனத்துக்கு ஒரே அடி பம்பு. விடியற்காலை நாலு மணிக்குக் குடத்தை வரிசையில் வைத்தால்தான் ஆறு மணிக்கு அடுப்பு எரியும். ஒரு குடம் தண்ணீரில் எத்தனை பாத்திரம் தேய்க்கலாம் என்பதை எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சென்னைக்கு வீராணம் ஏரித் தண்ணீர் வருகிறது, வருகிறது என்று சொல்லிக்கொண்டிருந்த அந்த நாளில், அதற்காக வார்த்த குழாய்கள் சாலையோரம் கிடந்தன. அவற்றுக்குள் குடும்பங்கள் குடியிருந்தன. தண்ணீர் என்னவோ 2004இல்தான் வந்து சேர்ந்தது. அதற்கு முந்தைய வருடம் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்றார்கள். அப்பா கைமாற்று வாங்கிக் குழி வெட்டினார். வெட்டியாயிற்றா என்று பார்க்க ஒருவர் வந்தார். தண்ணீர் இறங்குகிறதா என்று பார்க்க இன்றுவரை ஒருவரும் வரவில்லை.

இப்போது பெங்களூரில் வர்த்தூர் பக்கம் ஓர் அடுக்ககத்தில், ஐந்தாவது மாடியில் இருக்கிறோம். காவிரித் தண்ணீரை சுமார் 100 கிலோமீட்டர் தூரத்திலிருந்து மேட்டில் ஏற்றிக் கொண்டுவந்து இந்த ஊருக்கு ஊட்டுகிறார்கள். அந்தத் தண்ணீர் 2024 கோடையில் எங்கள் வாசல்வரை வரவில்லை. ஆழ்துளைக் கிணறு கைவிட்டது, லாரிதான் கதி. 12,000 லிட்டர் லாரிக்கு, 5 கிலோமீட்டருக்குள் என்றால், 1,000 ரூபாய்தான் என்று மாவட்ட நிர்வாகம் விலை நிர்ணயித்தது. அந்த விலைக்கு ஒரு லாரியும் எங்கள் தெருவுக்குள் திரும்பவில்லை. அந்த நேரத்தில்தான் மார்ச் 31க்குள் ஏரேட்டர் என்ற உத்தரவு வந்தது. எங்கள் சங்கம் வீட்டுக்கு வீடு சுற்றறிக்கை விட்டு எல்லாக் குழாய்க்கும் மாட்ட வைத்தது.

மாட்டினேன். மாட்டுவதற்கு முன்னும் பின்னும் ஒரு லிட்டர் குவளையை வைத்துக் கடிகாரத்தைப் பார்த்து அளந்தேன். வாஷ்பேசின் குழாயில் நிமிடத்துக்கு 9 லிட்டர் வந்தது 4 ஆகக் குறைந்தது. கை கழுவ, பல் தேய்க்க அது போதும். மிச்சம் என்றால் மிச்சம்தான், நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் நாங்கள் குளிப்பது பக்கெட்டில். 20 லிட்டர் பக்கெட் வேகமாக நிரம்பினாலும் மெதுவாக நிரம்பினாலும் 20 லிட்டர்தானே? மிச்சமானது தண்ணீர் இல்லை, போனது என் நேரம். அப்புறம் அழுத்தம். ஏரேட்டர் வந்த டப்பாவில் 1 பார் அழுத்தம் வேண்டும் என்று போட்டிருந்தது. அதற்குத் தண்ணீர் சுமார் 10 மீட்டர் உயரத்திலிருந்து இறங்க வேண்டும் என்றார் ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்ற என் கணவர். எங்கள் ஓவர்ஹெட் டேங்க் தலைக்கு மேல் மூன்று மீட்டர்கூட இல்லை. சமையலறைக் குழாயில் தண்ணீர் நூல் மாதிரி இறங்கியது. இரண்டே மாதத்தில் அதுவும் நின்றது. கழற்றினால் வலை முழுக்க வெள்ளை வெள்ளையாக உப்பு. எலுமிச்சைச் சாற்றில் ஒரு ராத்திரி ஊறவைத்துத் தேய்த்து மாட்டினேன். பக்கத்து வீடுகளில் எல்லாரும் பிடுங்கிப் போட்டுவிட்டார்கள். என்னுடையது இன்னும் இருக்கிறது, உங்கள் கட்டுரையாளர் வந்து பார்க்கலாம்.

எங்கள் வீட்டில் தண்ணீரைக் குடித்துக்கொண்டிருந்த இடம் வேறு. ஃபிளஷ் டேங்க்கின் உள்ளே ரப்பர் தேய்ந்து, சத்தமே இல்லாமல் கோப்பைக்குள் வழிந்துகொண்டிருந்தது. டேங்க்கில் கொஞ்சம் கேசரிப் பவுடரைக் கரைத்துவிட்டு அரை மணி கழித்துப் பார்த்தேன், கோப்பையில் ஆரஞ்சு நிறம். எத்தனை மாதமாகவோ! குடிதண்ணீரைச் சுத்திகரிக்கும் ஆர்.ஓ. மெஷின் ஒரு லிட்டர் கொடுத்து மூன்று லிட்டரைச் சாக்கடைக்கு அனுப்புகிறது (நான் அதைப் பிடித்துத் தரை துடைக்கிறேன், நீங்கள்?). இந்த வீணடிப்பைக் குறைக்கச் சொல்லி 2019இலேயே தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்டது. ஊருக்குள் குழாய்களிலேயே கணக்கில்லாமல் போகும் தண்ணீர் கால் பங்குக்கு மேல் என்று படித்திருக்கிறேன். அதெல்லாம் உங்கள் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை. இல்லத்தரசி மட்டும் இருக்கிறாள்.

குழாய், ஃபிளஷ் டேங்க் எல்லாவற்றுக்கும் எவ்வளவு தண்ணீர் சிக்கனம் என்று காட்டும் நட்சத்திரக் குறி கொடுக்க இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2021இலேயே தரம் வகுத்துவிட்டது. நான் ஏறி இறங்கிய மூன்று கடைகளிலும் அப்படி ஒன்று இருப்பதே தெரியவில்லை. "அம்மா, ஃபோர்ஸா வேணுமா, டிசைன் வேணுமா?" என்றுதான் கேட்டார்கள். சிங்கப்பூரில் என் மகள் குழாய் வாங்கினால் அட்டையில் தண்ணீர் சிக்கனத்துக்கு எத்தனை டிக் என்று பார்த்து வாங்குகிறாள். அங்கே 2009இலிருந்து அந்தக் குறி இல்லாமல் குழாய் விற்க முடியாது. பிடிப்பது விற்கிறவனை. இங்கே அவனை விட்டுவிடுகிறார்கள். கண்டதையும் விற்கட்டும், வாங்கி மாட்டியவள் வீட்டுக்குச் சுற்றறிக்கை அனுப்பிக்கொள்ளலாம்.

கட்டுரை வந்த அதே இதழின் பின்னட்டையைத் திருப்பிப் பார்த்தீர்களா? முழுப் பக்க விளம்பரம். கூரையிலிருந்து அருவி மாதிரி கொட்டும் ஷவர், கீழே கண்ணை மூடிக்கொண்டு ஒரு பெண். அது நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் கொட்டும் என்று எங்குமே இல்லை.

நான் மன்னிப்பு எல்லாம் கேட்கச் சொல்லவில்லை. விளம்பரம் வேண்டாம் என்றும் சொல்ல மாட்டேன், பத்திரிகை நடக்க வேண்டும். அடுத்த முறை அந்த விளம்பரம் வரும்போது, நிமிடத்துக்கு இத்தனை லிட்டர் என்று மூலையில் ஒரு வரி, சின்ன எழுத்தில் இருந்தாலும் சரி, போடச் சொல்லுங்கள். கண்ணாடி போட்டுக்கொண்டு படித்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
முப்பது வருட வாசகி,
வர்த்தூர், பெங்களூரு