துப்பாக்கி முனையில் 'வரி'

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

நாமக்கல்லில் இருந்து வடகிழக்கு மாநிலங்களுக்குச் சரக்கு லாரி அனுப்புகிறவன் நான். நாகாலாந்தின் திமாப்பூர் வழியாக மணிப்பூர் தலைநகர் இம்பால் செல்லும் நெடுஞ்சாலையில் ஆயுதக் குழுக்கள் பறிக்கும் 'வரி' பற்றி இங்கே பலருக்குத் தெரியாது. ஓட்டுநர் கொண்டுவரும் டீசல் பில்களுக்கு நடுவே, குழுவின் முத்திரை குத்திய சீட்டும் இருக்கும். அதைத் தொலைத்தால் அடுத்த தடுப்பில் மறுபடியும் பணம். வேறு வழியின்றி அந்தச் செலவை வாடகையில் ஏற்றுகிறோம். கடைசியில் இம்பாலில் அரிசி வாங்கும் குடும்பம்தான் அதைச் சுமக்கிறது.

கடைக்காரர்கள் பாடு இன்னும் மோசம். ஒரு குழு வாங்கிப்போனதும், அதிலிருந்து பிரிந்த இன்னொரு குழு வந்து நிற்கிறது. 2013 அக்டோபரில் 'ஒரே அரசு, ஒரே வரி' என்று திமாப்பூரில் மக்கள் திரண்டார்கள். 2024 ஏப்ரலில் அங்கே வணிகர்கள் காலவரையின்றிக் கடையடைப்பில் இறங்கினார்கள். மிரட்டுகிறவர்களுக்கு எதிரே அப்படி நிற்க எவ்வளவு துணிச்சல் வேண்டும்!

நாகா ஆயுதக் குழுக்களுடன் மத்திய அரசு செய்துகொண்ட போர்நிறுத்தத்தின் விதிகளே கட்டாய வசூலைத் தடை செய்கின்றன. மத்திய அரசும் நாகாலாந்து அரசும் அவற்றைக் கண்டிப்புடன் அமல்படுத்த வேண்டும். புகார் தரும் வணிகரின் பெயர் கசியாமல் காக்க வேண்டும்.

இப்படிக்கு,
லாரி உரிமையாளர், நாமக்கல்