மகளுக்கு, வெள்ளவத்தையிலிருந்து

அன்புள்ள மகளுக்கு,

ஒடியல் மாவும் மிளகாய்த்தூளும் மேல்வீட்டுப் பொடியனிடம் கொடுத்துவிட்டிருக்கிறேன். நேரத்துக்குச் சாப்பிடு. மருமகன் சுகமா?

போன கிழமை, "டிசம்பரில் வரவேண்டாம், யூ ஆர் ஒஃப் த ஹூக், அப்பா" என்று சிரித்தாய். முப்பது வருடம் ஆங்கிலம் படிப்பித்தவனுக்கு அது விளங்காதா? கடமையிலிருந்து விடுதலை, தூண்டிலில் இருந்து கழன்ற மீன். பேத்தியைப் பார்க்க வருவது எனக்கு எப்போது கடமையாயிற்று?

நேற்று வகுப்பில் அந்தச் சொல்லையே எடுத்தேன். சட்டை மாட்டும் கொளுக்கியும் ஹூக், குத்துச்சண்டையில் முழங்கையை மடக்கிப் பக்கவாட்டில் விடும் குத்தும் ஹூக். ஒரு பழக்கத்துக்கு அடிமையானவன் 'ஹூக்ட்'. சொன்னதையெல்லாம் நம்புகிறவன் தூண்டில் முள், நூல், ஈயக்குண்டு எல்லாவற்றையும் சேர்த்து விழுங்கிய மீன். பிள்ளைகள் சிரித்தார்கள். மருமகனின் குரல் கேட்டு மூன்று மாதம். வேலை என்கிறாய். நானும் விழுங்கிக்கொண்டிருக்கிறேன்.

'பை ஹூக் ஓர் பை க்ரூக்', எப்பாடு பட்டாவது என்பது, 14ஆம் நூற்றாண்டிலேயே எழுத்தில் இருக்கிறது. உன்னை அப்படித்தான் லண்டனுக்கு அனுப்பினேன். நம் சொந்தத்தில் முதல் பொறியியலாளர் நீ என்று இன்றும் சந்தையில்கூடச் சொல்கிறேன். அவளுக்குத்தான் அப்பாவுக்கு இரண்டு வரி எழுத நேரமில்லை. சரி, நேரத்துக்குச் சாப்பிடு.

பழைய தொலைபேசியில் ரிசீவரைக் கொளுக்கியில்தான் மாட்டுவார்கள். எடுத்து வைத்தால் அதுவும் 'ஒஃப் த ஹூக்'. "ஏன் சேர் எடுத்து வைப்பார்கள்?" என்று ஒரு பொடியன் கேட்டான். எனக்கு வாய் வரவில்லை.

நீ போன முதல் வருடம், ஒரு சனிக்கிழமை, திரும்பி வரப்போகிறேன் என்று அழுதாயே. அடுத்த சனி, நீ எடுக்கும் நேரத்துக்கு முன், நம் கறுப்புத் தொலைபேசியின் ரிசீவரைத் தூக்கி அம்மா பின்னிய மேசைவிரிப்பில் குப்புற வைத்தேன். துணிக்குள் அது முனகிக்கொண்டே கிடந்தது. அம்மாவிடம் லைன் பழுது என்றேன். உனக்கு எங்கேஜ் சத்தம்தான் கேட்டிருக்கும். அதற்குப் பிறகு நீ ஒருநாளும் அழவில்லை. பிள்ளை தேறிவிட்டாள் என்று நான் பெருமைப்பட்டேன். அம்மா போகும்வரை அவளிடமும் சொல்லவில்லை.

உன் அறைக்குப் பெரிய நுளம்புவலை வாங்கினேன், இரண்டு பேர் படுக்கலாம். அதை மாட்டக் கூரையில் புதிதாக ஒரு கொளுக்கி அடித்திருக்கிறேன். மருமகனைக் கேட்டதாகச் சொல்.

அப்பா