31-ஆவது பிள்ளை

அன்பு வாலு,

உன் கடிதத்துக்கு ஒன்றரை மாதம் பதில் போடாததற்கு நான் என்ன சொன்னாலும் நீ நம்பப் போவதில்லை. அதனால் சொல்லவில்லை. இங்கே எல்லோரும் நலம். கோந்து பாட்டில் மாதம் ஒருமுறை போன் செய்கிறாள். இன்னும் அதே மாதிரிதான், வைக்க விடமாட்டேன் என்கிறாள்.

பள்ளி மேலாண்மைக் குழுவுக்கு நீ தலைவியா! பிரேயர் மணி அடித்தால் காணாமல் போகிறவளிடம் பள்ளிக்கூடத்தையே கொடுத்திருக்கிறார்கள். ரொம்ப சந்தோஷம். ஆனால் கடிதத்தின் கடைசியில் போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருந்தாய் பார்: "மொத்தம் 28 பிள்ளைகள். மூன்று பேரைக் கூடச் சேர்த்து எழுதினால் மானியம் ஏறுமாமே, வாஸ்தவமா?" அந்த ஒரு வரிக்குத்தான் இவ்வளவு பெரிய பதில்.

வாஸ்தவம்தான், ஏறும். சமக்ர சிக்‌ஷா என்ற திட்டத்தில் ஒவ்வோர் அரசுப் பள்ளிக்கும் ஆண்டு மானியம் உண்டு. பிள்ளைகள் 30 வரை என்றால் 10,000 ரூபாய். 31 முதல் 100 வரை 25,000. 101 முதல் 250 வரை 50,000. 1,000 வரை 75,000. அதற்கு மேல் ஒரு லட்சம். 31-ஆவதாக ஒரு பிள்ளை வாசலில் வந்து நின்றால், அது ஒன்றே 15,000 ரூபாயைக் கையில் பிடித்துக்கொண்டு வருகிறது. அடுத்து 69 பிள்ளைகள் சேர்ந்தாலும் ஒரு பைசாகூட ஏறாது. 101-ஆவது பிள்ளை வந்தால் மறுபடி 25,000. பள்ளிக்கூடச் செலவு இப்படிப் படிப்படியாகத் தாவி ஏறாது, வாலு. ஓடு உடைந்தால் மழை தலையெண்ணிப் பார்த்து ஒழுகுவதில்லை. பூட்டு, மோட்டார், தண்ணீர்த் தொட்டி, கழிப்பறைக் கதவு எல்லாம் 28 பேருக்கும் ஒன்றுதான், 48 பேருக்கும் ஒன்றுதான்.

என்னைக் கேட்டால், பள்ளிக்கு நிலையாக ஒரு தொகை, தலைக்கு ஒரு சிறு தொகை என்று இரண்டாகப் பிரித்துவிடலாம். 15,000-மும் தலைக்கு 150-உம் என்று வைத்துப் பார். உங்கள் 28-க்கு 19,200 வரும், 31-க்கு 19,650. பொய் எழுதச் சொல்லும் அந்தப் பள்ளமே இருக்காது. 1,000 பிள்ளைகள் உள்ள பள்ளிக்கு 1,65,000 ஆகும், நிதித்துறை கத்தும். கத்தட்டும், இப்போது அங்கே தலைக்கு 75 ரூபாய்தான் போகிறது.

சரி, உங்கள் 10,000-க்கு வருவோம். அதில் குறைந்தது 10% தூய்மைப் பணிக்கு ஒதுக்க வேண்டும். அதாவது 1,000 ரூபாய். கல்வி உரிமைச் சட்டம் 1 முதல் 5 வகுப்புகளுக்குக் குறைந்தது 200 வேலை நாட்கள் கேட்கிறது. வகுத்துப் பார், நாளுக்கு 5 ரூபாய். பினாயில், துடைப்பம், சோப்பு எல்லாம் அந்த 5 ரூபாயில். மிச்சம் 9,000-இல் சாக்பீஸ், பதிவேடுகள், மின்சாரம், இணையம், உடைந்ததை மாற்றுவது, வெள்ளையடிப்பது. உனக்கு அந்த யோசனை வந்ததில் ஆச்சரியம் இல்லை.

ஆனாலும் செய்யாதே. நீதிபோதனை இல்லை இது, கணக்கு. முன்பெல்லாம் பள்ளி கொடுப்பது ஒரு மொத்த எண் மட்டும். 2022-23 முதல் யூடைஸ் பிளஸ் என்ற மத்திய அரசின் பள்ளித் தகவல் தளத்தில் ஒவ்வொரு பிள்ளையும் தனித்தனியாக, தனக்கென ஓர் எண்ணோடு பதிவாகிறது. பக்கத்து தனியார் பள்ளியில் படிக்கும் பிள்ளையை உங்கள் பதிவேட்டிலும் எழுதினால் ஒரே பெயர் இரண்டு இடத்தில் நிற்கும். மாட்டிக்கொள்வது நீ இல்லை, கையெழுத்துப் போட்ட தலைமை ஆசிரியர். அதுவும் மானியம் பெரும்பாலும் போன ஆண்டு எண்ணிக்கையை வைத்துத்தான் வரும். இந்த ஆண்டுப் பொய்க்கு அடுத்த ஆண்டு கூலி, தணிக்கை அதற்கும் அடுத்த ஆண்டு.

மூன்று பிள்ளைகள் நிஜமாகவே கிடைப்பார்கள். தேடுகிற இடம்தான் வேறு. தனியார் பள்ளியில் கட்டணம் கட்ட முடியாமல் நின்றுபோன பிள்ளை உங்கள் தெருவிலேயே இருக்கும். பாக்கியைக் கட்டினால்தான் டி.சி. தருவோம் என்று அங்கே நிறுத்தி வைத்திருப்பார்கள், பெற்றோரும் வெட்கப்பட்டு வீட்டிலேயே வைத்திருப்பார்கள். சட்டத்தின் 5-ஆம் பிரிவு என்ன சொல்கிறது தெரியுமா? டி.சி. வரத் தாமதம் என்பதைக் காரணம் காட்டி 8-ஆம் வகுப்பு வரை யாருக்கும் சேர்க்கையை மறுக்கக் கூடாது. 15-ஆம் பிரிவின்படி சேர்க்கைக் காலம் முடிந்த பிறகும் மறுக்கக் கூடாது. ஆக, முதலில் வகுப்பில் உட்கார வையுங்கள், காகிதம் பின்னால் வரும். சிக்கல் எமிஸில்தான், அதாவது நம் கல்வித் துறையின் இணையப் பதிவேட்டில். பழைய பள்ளி அந்தப் பிள்ளையின் பெயரைத் தன் பட்டியலிலிருந்து காமன் பூல் என்ற பொதுப் பட்டியலுக்கு விட்டால்தான் உங்கள் பள்ளி எடுத்துக்கொள்ள முடியும். விடவில்லை என்றால் வட்டாரக் கல்வி அலுவலருக்கு எழுத்தில் கொடு. வாயால் சொன்னால் வாயோடு போகும். செங்கல் சூளைக்கும் கட்டட வேலைக்கும் வந்த குடும்பங்களையும் பார். அந்தப் பிள்ளைகளிடம் எந்தச் சான்றிதழும் இருக்காது. பிறப்புச் சான்று இல்லாததும் மறுக்கக் காரணமாகாது.

இதையெல்லாம் ஆகஸ்ட் 1-க்கு முன்னால் செய். நம் மாநிலத்தில் அன்றைய நிலவரப்படிதான் ஆசிரியர் பணியிடம் நிர்ணயம் செய்கிறார்கள்.

என் பெரிய கவலையும் இந்த ஆசிரியர் கணக்கில்தான் இருக்கிறது. மானியம் போனால் 15,000 ரூபாய், ஆசிரியர் போனால் பள்ளியே போய்விடும். சட்டத்தின் அட்டவணைப்படி தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர், 61 முதல் 90 வரை மூன்று. காகிதத்தில் உங்கள் பள்ளி பணக்காரப் பள்ளி, ஓர் ஆசிரியருக்கு 14 பிள்ளைகள்! ஆனால் வகுப்புகள் ஐந்து. ஒருவர் 1, 2, 3 வகுப்புகளை ஒரே அறையில் வைத்துக்கொள்கிறார், இன்னொருவர் 4, 5. ஒருவர் பயிற்சிக்கோ வாக்காளர் பட்டியல் வேலைக்கோ போய்விட்டால் மிச்சமிருப்பவர் ஐந்து வகுப்பையும் பார்த்துக்கொண்டு எமிஸில் வருகையும் போட வேண்டும். தேர்தல், மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம் இம்மூன்றைத் தவிர வேறு வேலைக்கு ஆசிரியரை அனுப்பக் கூடாது என்று 27-ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் தேர்தல் என்ற ஒரு சொல்லுக்குள் எவ்வளவு வேலை அடங்கும் என்று உனக்கே தெரியும்.

யாரும் சரியாகப் படிக்காத ஒரு பிரிவு இருக்கிறது, 26-ஆவது. ஒரு பள்ளியில் காலியிடம் அனுமதிக்கப்பட்ட பணியிடத்தில் 10 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. இரண்டு ஆசிரியர் பள்ளியில் 10 சதவீதம் என்றால் ஓர் ஆசிரியரில் ஐந்தில் ஒரு பங்கு. கையும் காலும் மட்டும் காலியாக இருக்க முடியாது, ஆகவே காலியிடமே இருக்கக் கூடாது என்றுதான் அர்த்தம். ஆனால் பணியிடம் முழு மாவட்டத்துக்கும் சேர்த்துப் பார்க்கப்படுகிறது, சராசரி அழகாக இருக்கிறது. 2024-25 யூடைஸ் கணக்கில் நாடு முழுக்க ஓராசிரியர் பள்ளிகள் ஒரு லட்சத்துக்கு மேல். சராசரிக்குள் அவை எல்லாம் ஒளிந்துகொள்கின்றன.

"இவ்வளவு சின்னப் பள்ளியை மூடிவிட்டு வேன் வைத்து அனுப்பலாமே" என்று உன் வீட்டுக்காரர் சொன்னதாக எழுதியிருந்தாய். அந்த வாதத்தில் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஐந்து வகுப்புக்கு ஐந்து ஆசிரியர் உள்ள பள்ளி நல்லதுதான். ஆனால் 6 வயதுப் பிள்ளைக்கு ஒரு கிலோமீட்டர் என்பது நீயும் நானும் நடக்கிற ஒரு கிலோமீட்டர் இல்லை. போக்குவரத்துக்கு ஆண்டுக்கு ஒரு பிள்ளைக்கு 6,000 ரூபாய் வரை சமக்ர சிக்‌ஷாவில் இடமுண்டு. அது வருவதற்குள் முதலில் நிற்பவள் பெண் பிள்ளையாகத்தான் இருப்பாள். உத்தரப் பிரதேசத்தில் 2025-இல் சின்னப் பள்ளிகளைப் பக்கத்துப் பள்ளியோடு இணைக்கக் கிளம்பினார்கள். எதிர்ப்பு வந்ததும் ஒரு கிலோமீட்டருக்கு மேல் தூரமானவற்றை இணைப்பதில்லை என்று பின்வாங்கினார்கள். முதலிலேயே அளந்து பார்த்திருக்கலாம்.

இன்னொரு வேடிக்கையும் அவரிடம் சொல். கல்வி உரிமைச் சட்டப்படி தனியார் பள்ளியில் ஏழைப் பிள்ளைகளுக்கு ஒதுக்கும் 25 சதவீத இடத்தில் சேரும் பிள்ளைக்கு அரசு கட்டணம் கொடுக்கிறதல்லவா, அது எவ்வளவு? அரசு தன் பள்ளியில் ஒரு பிள்ளைக்குச் செய்யும் செலவு, இல்லையென்றால் அந்தத் தனியார் பள்ளியின் கட்டணம், இரண்டில் எது குறைவோ அது. அரசுப் பள்ளியிலிருந்து பிள்ளைகள் வெளியேற வெளியேற ஆசிரியர் சம்பளம் குறைவதில்லை, வகுக்கும் எண் மட்டும் சிறுக்கிறது. தலைக்குச் செலவு ஏறும், அதோடு தனியாருக்குக் கொடுக்க வேண்டிய உச்சவரம்பும் ஏறும். ஒரு கையால் பிள்ளையை அனுப்பிவிட்டு இன்னொரு கையால் கூடுதல் பணத்தையும் அனுப்புகிற ஏற்பாடு.

பணம் ஏன் தாமதமாகிறது என்று கேட்டிருந்தாய். பொதுவாக இந்தப் பணத்தில் நூற்றுக்கு 60 பங்கு மத்திய அரசு, 40 பங்கு மாநிலம். 2021-இல் வந்த ஏற்பாட்டின்படி மத்திய அரசு ஒரு தடவைக்கு 25 சதவீதத்துக்கு மேல் விடாது. மாநிலம் தன் பங்கைப் போட்டு, முன்பு வந்ததில் 75 சதவீதம் செலவானால்தான் அடுத்த தவணை. இது மாநிலம் முழுக்கச் சேர்த்த கணக்கு. எங்கோ ஒரு மாவட்டம் பயந்துகொண்டு பணத்தைத் தொடாமல் வைத்திருந்தால் உங்கள் சாக்பீஸும் நிற்கும். இதற்கு மேல் அரசியல். பிஎம் ஸ்ரீ என்ற மத்திய அரசின் மாதிரிப் பள்ளித் திட்டத்துக்கான ஒப்பந்தத்தில் கையெழுத்திடவில்லை என்று 2024-25-க்கான 2,152 கோடி ரூபாய் தமிழ்நாட்டுக்கு நிறுத்தப்பட்டது. 2025 மே மாதம் மாநிலம் உச்ச நீதிமன்றம் போனது. பிஎம் ஸ்ரீ நாடு முழுக்க 14,500 பள்ளிகளுக்கான திட்டம். அதற்குக் கையெழுத்து இல்லை என்று எல்லாப் பள்ளிகளுக்குமான பணத்தை நிறுத்துவது என்ன கணக்கோ, எனக்குக் கடைசிவரை டேலி ஆகவில்லை. மாநிலத்தையும் தப்பவிட மாட்டேன், காலியிடம் நிரப்புவது அவர்கள் வேலை.

நீ செய்ய வேண்டியது: டிசம்பருக்குள் பள்ளி வளர்ச்சித் திட்டத்தைக் குழுவில் வைத்துத் தீர்மானம் போடு. 22-ஆம் பிரிவு அதை உங்கள் கையில்தான் கொடுத்திருக்கிறது. மூன்று ஆண்டுக்குப் போடு, ஒவ்வோர் ஆண்டுக்கும் தனி வரி. "கட்டட வசதி தேவை" என்று எழுதினால் மேலே போகும் வழியிலேயே உதிர்ந்துவிடும். "மேற்கு வகுப்பறை, தென்கிழக்கு மூலை, கூரை ஒழுகல், இத்தனை சதுர அடி" என்று எழுது, படத்தோடு. கணக்கில் பணம் வந்து உட்காரும் என்று காத்திராதே. பாஸ்புக்கில் பூஜ்யம்தான் இருக்கும், வருவது இவ்வளவு வரை செலவழிக்கலாம் என்ற வரம்பு மட்டும். மார்ச் 31 இரவோடு அந்த வரம்பு கரைந்துவிடும். பிப்ரவரியில் வந்தால் என்ன வாங்குவது என்பதை நவம்பரிலேயே தீர்மானத்தில் எழுதி வைத்திரு.

ஆசிரியர் நிர்ணயப் பட்டியல் வரும்போது உங்கள் பள்ளிக்கு நேரே "உபரி", அதாவது கணக்குக்கு மேல் ஆசிரியர், என்ற சொல் இருக்கிறதா என்று மட்டும் பார். இருந்தால் அன்றைக்கே எழுது. அதற்கு ஒன்றரை மாதம் எடுத்துக்கொள்ள மாட்டேன்.

உன்
பேரேடு

பி.கு.: கடைக்காரரின் வங்கிக் கணக்கு எண்ணையும் ஐஎஃப்எஸ்சி குறியீட்டையும் இப்போதே பாஸ்புக் நகலோடு வாங்கி வை. வங்கிகள் இணைந்த பிறகு பழைய குறியீட்டைக் கொடுத்து, மார்ச் 29-ஆம் தேதி பணம் திரும்பி வந்த பள்ளிகள் எத்தனையோ.