ஒன்றும் நடக்காத நாட்கள்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே எல்லாரும் நலம். அம்மாவுக்கு முட்டி வலி இப்போது தேவலை.

போன வாரம் போனில் நீ கேட்டதற்கு அப்போது எனக்குப் பதில் வரவில்லை. "லேப்ல ராத்திரி முழுக்க ரத்தம் டெஸ்ட் பார்க்கிறேன்ப்பா, முக்கால்வாசி நார்மல்னுதான் எழுதுறேன். இதுக்கு எதுக்கு நான்?" என்றாய். அப்புறம், "நீங்க எப்படி அத்தனை வருஷம் தண்டவாளத்தையே பார்த்துக்கிட்டு நடந்தீங்க?" என்றாய்.

தண்டவாளத்தைத் தினமும் நடந்து பார்க்கிற கீமேன் வேலை என்னவென்று உனக்கு நான் முழுசாகச் சொன்னதே இல்லை. விடிந்ததும் சுத்தியல், ஸ்பேனர், கொடிகள், டெட்டனேட்டர் (தண்டவாளத்தில் வைத்தால் வண்டி ஏறியதும் வெடித்து டிரைவரை எச்சரிக்கும்) எல்லாம் எடுத்துக்கொண்டு கிளம்ப வேண்டும். போகும்போது ஒரு தண்டவாளம், திரும்பும்போது மற்றது. கணக்கு உனக்குப் பிடிக்குமே: பெரும்பாலான இடத்தில் தண்டவாளத்துக்கு அடியில் கிலோமீட்டருக்கு 1,660 கான்கிரீட் கட்டை, தண்டவாளத்தைப் பிடித்துக்கொள்ள கட்டைக்கு 4 கிளிப். எது கழன்றிருக்கிறது, எந்த போல்ட் ஆடுகிறது, எங்கே ஜல்லி சரிந்திருக்கிறது என்று பார்த்துக்கொண்டே போக வேண்டும். பெரும்பாலும் எல்லாம் சரியாகத்தான் இருக்கும்.

மார்கழியில் மட்டும் பயம். குளிரில் இரும்பு சுருங்கும். நீளமாக வெல்டிங் பண்ணிய தண்டவாளம் சுருங்க இடமில்லாமல் இழுபட்டு விட்டுப்போகும். அப்படி ஒரு காலையில் வெல்டிங் ஜாயிண்ட்டில் விரிசலைப் பார்த்தேன். கொடியைப் பிடித்துக்கொண்டு ஓடி, 600 மீட்டரில் ஒரு டெட்டனேட்டர், 1,200 மீட்டரில் மூன்று வைத்தேன். கூட்ஸ் வண்டி வந்து நின்றது. ஊரில் எல்லாரும் இந்தக் கதையைத்தான் கேட்பார்கள். எனக்கு அதில் பெரிய பெருமை இல்லை. விரிசலைக் கண்ணால் கண்டவன் எவனும் ஓடத்தான் செய்வான். இங்கே இருக்காது என்று மனசு சொல்கிற இடத்திலும் மறுநாள் குனிந்து பார்த்தேன் பார், எனக்குச் சாமி நம்பிக்கை என்று ஏதாவது இருந்தால் அது அங்கேதான் இருந்தது.

நான் சேர்ந்தபோது இருந்த மேஸ்திரி மழை வந்தாலே மருதையாற்றைப் பற்றிப் பேசுவார். 1956 நவம்பரில் அரியலூர் பக்கம் வெள்ளத்தில் பாலம் போய், தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் ஆற்றில் விழுந்து நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள். ரயில்வே மந்திரி லால் பகதூர் சாஸ்திரி பொறுப்பேற்றுப் பதவியை விட்டார். மந்திரி பதவியை விட்டதைப் பற்றி மேஸ்திரி அதிகம் பேசமாட்டார். "மழை ராத்திரி விளக்கோட ஒருத்தன் பாலத்துக்குப் போகணும்டா, அவ்வளவுதான்" என்பார். அவர் கோயிலுக்குப் போய் நான் பார்த்ததில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்கள் கேங்கில் ஒருவன் எதிர்லைனில் வந்த வண்டியில் அடிபட்டுப் போனான். என்னைவிட அதிகம் சாமி கும்பிடுகிறவன். ஏன் என்று அய்யனாரிடம் சண்டை போட்டேன். பதில் வரவில்லை, இன்றுவரை வரவில்லை. மறுநாள் காலையில் அந்த இடத்தையும் பார்த்துக்கொண்டுதான் நடந்தேன்.

நீ நார்மல் என்று எழுதுகிற காகிதத்தை யாரோ ஒருத்தர் விடிந்ததும் வாங்கி, மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, வெளியே போய் டீ குடிப்பார். உன்னை நினைக்கவே மாட்டார். எந்த வண்டியில் போனவரும் என்னை நினைத்ததில்லை. ஆரம்பத்தில் எனக்கும் அது உறுத்தியது. அப்புறம் பிடித்துப்போனது, ஏனென்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை.

சரி, வேலை பிடிக்கவில்லை என்றால் மாற்றிக்கொள். அப்பா சொன்னார் என்று அங்கேயே கிடக்க வேண்டாம். அலுப்பு வேறு, பிடிக்காதது வேறு. எது என்று நீதான் பார்க்க வேண்டும்.

ராத்திரி ஷிப்டில் வெறும் டீயாகக் குடிக்காதே. தீபாவளிக்கு லீவு உண்டா என்று சீக்கிரம் சொல். ரிசர்வேஷன் இப்போது 60 நாளைக்கு முன்னால்தான் திறக்கிறார்கள், திறந்த அன்றே தீர்ந்துவிடும். ரயிலிலேயே வா, பஸ் எல்லாம் வேண்டாம்.

அன்புடன்,
அப்பா