பாப்பா, உன் பட்டியலில் ஃபியூசேரியத்தையும் சேர்த்துக்கொள்

அன்புள்ள பாப்பா,

நீ அனுப்பிய ஆராய்ச்சித் திட்டத்தை முழுதும் படித்துவிட்டேன், புரியாத இடங்களில் நிறுத்தி நிறுத்தி. முள்ளங்கி விதையில் இருக்கும் பெப்டைடை, அதாவது அந்தக் குட்டிப் புரதத்தை, மாற்றியமைத்துப் பூஞ்சைக்கு மருந்தாக்கப் போகிறாய் என்பதைப் படிக்கப் படிக்க மனசு நிறைந்துபோனது. ஆனால் நீ சோதிக்கப்போகும் பூஞ்சைகளின் பட்டியலில் கேண்டிடா வகைகள் மட்டும்தான் இருக்கின்றன. கருவிழியைப் புண்ணாக்கும் இழைப் பூஞ்சைகளான ஃபியூசேரியமும் இல்லை, ஆஸ்பெர்ஜில்லஸும் இல்லை. இதைப் போனில் சொன்னால் "சரிம்மா, பார்க்கிறேன்" என்று வைத்துவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன்.

கண் ஆஸ்பத்திரி லேபில் நான் வேலை பார்த்தது உனக்குத் தெரியும், அங்கே என்ன பார்த்தேன் என்று உன்னிடம் முழுதாகச் சொன்னதில்லை. கருவிழிப் புண்ணிலிருந்து சுரண்டி எடுத்த துளியளவு சதை கண்ணாடித் தகட்டில் வரும். அதன் மேல் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு ஒரு சொட்டு விட்டு மூடி மைக்ராஸ்கோப்பில் வைத்தால், நோயாளி வெளியே பெஞ்சில் காத்திருக்கும்போதே தெரிந்துவிடும்: கிளை கிளையாகப் பிரிந்து, இடையிடையே குறுக்குச் சுவர்களோடு ஓடும் இழைகள். அறுப்புக் காலத்தில் இது கூடும். நெல் தெறித்தவர், கரும்புத் தோகை கீறியவர், பால் கறக்கும்போது மாட்டு வால் அடித்தவர் என்று வருவார்கள், பெரும்பாலும் கூலி வேலை செய்கிறவர்கள். எங்களிடம் வருவதற்குள் தாய்ப்பால் விட்டிருப்பார்கள், விளக்கெண்ணெய் விட்டிருப்பார்கள், சிலர் மருந்துக்கடையில் கேட்டு ஸ்டீராய்டு கலந்த சொட்டு மருந்தும் போட்டிருப்பார்கள். ஸ்டீராய்டு சிவப்பையும் வலியையும் அடக்கும், கூடவே உடம்பின் எதிர்ப்பையும் அடக்கிவிடும், பூஞ்சை தடையில்லாமல் உள்ளே போகும். பிறகு புண் ஆறினாலும் கண்ணில் பூ விழுந்துவிடும். சிலருக்குக் கண்ணையே எடுக்க வேண்டி வரும்.

இது நான் பார்த்த கதை மட்டும் இல்லை. மதுரை மாவட்டத்தில் ஆண்டுக்கு லட்சம் பேரில் 113 பேருக்குக் கருவிழிப் புண் வருகிறது என்று 1996இல் வெளியான கட்டுரை சொல்கிறது, அமெரிக்காவில் வருவதைப்போல் அது ஏறக்குறைய 10 மடங்கு. அடுத்த ஆண்டு வந்த இன்னொரு மதுரை ஆய்வில், கிருமி வளர்ந்த புண்களில் பாக்டீரியாவும் பூஞ்சையும் கிட்டத்தட்ட பாதிக்குப் பாதி, பூஞ்சைகளில் முதலிடம் ஃபியூசேரியத்துக்கு. உலகம் முழுவதும் சேர்த்தால் ஆண்டுக்கு 10 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்குக் கண்ணில் பூஞ்சைப் புண் வருகிறது என்று மதிப்பிட்டிருக்கிறார்கள்.

இவ்வளவு பேருக்கும் கையில் இருக்கும் முதல் மருந்து என்ன? நாட்டமைசின். 1950களில் தென்னாப்பிரிக்காவின் நட்டால் பகுதி மண்ணில் இருந்த ஒரு நுண்ணுயிரிலிருந்து எடுத்தது. வெள்ளை வெளேரென்று பால்போல இருக்கும், குலுக்கித்தான் போட வேண்டும், ஆரம்பத்தில் மணிக்கு ஒரு சொட்டு, ராத்திரியில்கூட. புண்ணின் மேல் படிந்து நிற்குமே தவிர ஆழத்துக்கு அவ்வளவாக இறங்காது. சரி, புது மருந்தான வோரிகோனசோல் நன்றாக ஊடுருவுகிறதே, அது ஜெயிக்கும் என்று பல பேர் நினைத்தார்கள். அரவிந்த் கண் மருத்துவமனைகளில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து இரண்டையும் நேருக்கு நேர் வைத்துப் பார்த்தார்கள், 2013இல் முடிவு வெளியானது. பழைய நாட்டமைசின்தான் ஜெயித்தது, அதிலும் ஃபியூசேரியத்தில் வித்தியாசம் மிகத் தெளிவு. அந்த முடிவு எனக்கு நிம்மதியையும் வருத்தத்தையும் சேர்த்தே தந்தது. அறுபது வருஷப் பழைய மருந்தைத் தாண்ட ஒன்று இல்லையே.

இப்போது உன் முள்ளங்கிக்கு வருகிறேன். நீ இருக்கும் பெல்ஜியத்தின் லூவெனில்தான் 1992இல் அந்த விதையிலிருந்து இந்தப் பெப்டைடுகளைப் பிரித்தெடுத்தார்கள், டிஃபென்சின் என்பது இவற்றின் குடும்பப் பெயர். 51 அமினோ அமிலம், நான்கு கந்தகப் பிணைப்புகள் இழுத்துக் கட்டிய சின்ன முடிச்சு, கொதிக்க வைத்தாலும் சுலபத்தில் குலையாது. விதை முளைக்கும்போது மண்ணில் இருக்கும் பூஞ்சை உள்ளே புகுந்துவிடாமல் காப்பதற்காகச் செடி அதைச் சுற்றிலும் கசிய விடுகிறது. அந்தப் பூஞ்சைகளில் ஃபியூசேரியமும் உண்டு. அது ஆதியிலிருந்து பயிரின் எதிரி, நம் கண்ணுக்கு வருவது தற்செயலாக, ஒரு நெல்லின் முனையில் ஒட்டிக்கொண்டு. செடிகள் ஃபியூசேரியத்தோடு சண்டை போட்டே இந்த ஆயுதத்தைத் தீட்டியிருக்கின்றன, நீயோ அதைக் கேண்டிடா மேல் மட்டும் சோதிக்கப் போகிறாய். எனக்கு இதுதான் தாங்கவில்லை.

குறி எது என்பதையும் உன் ஆட்களே கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள். பூஞ்சையின் சவ்வில் இருக்கும் குளுக்கோசில்செரமைடு என்ற கொழுப்பை உன் பெப்டைடு பிடிக்கிறது. நம் செல்லிலும் அதே பெயரில் கொழுப்பு உண்டு, ஆனால் அமைப்பில் சின்ன மாற்றம், அதனால் அதை விட்டுவிடுகிறது. ஒரு மருந்துக்கு இதைவிட நல்ல குணம் என்ன வேண்டும்! ஆஸ்திரேலியாவில் அலங்காரப் புகையிலைப் பூவிலிருந்து எடுத்த டிஃபென்சின் வேறு கொழுப்பைப் பிடிக்கிறது, அது நம் செல்களிலும் அப்படியே இருக்கிறது, அளவு கூடினால் மனிதப் புற்றுச் செல்களையும் உடைக்கிறது. கண்ணில் போடுவதற்கு உன்னுடையதுதான் மேல் என்பது என் கணிப்பு.

ஆனால் உப்பு. உன் திட்டத்தில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. செடி டிஃபென்சின்கள் பலதும் உப்பு குறைந்த ஊடகத்தில் பிரமாதமாக வேலை செய்து, உப்பு ஏறியதும் சோர்ந்துபோகும், ஏனென்றால் நேர்மின்னூட்டத்தை வைத்துத்தான் அவை பூஞ்சையின் மேல் போய் ஒட்டுகின்றன, உப்பு அந்த ஈர்ப்பைக் கெடுத்துவிடும். கண்ணீர் ஏறக்குறைய ரத்தத்தின் அளவுக்கு உப்பானது. நல்ல செய்தி, இதற்கான வழியை 1997லேயே உங்கள் ஊரில் காட்டியிருக்கிறார்கள்: 9ஆவது இடத்தில் இருக்கும் கிளைசின் என்ற அமினோ அமிலத்தை எடுத்துவிட்டு நேர்மின்னூட்டம் உள்ள ஆர்ஜினைன் வைத்தால், அல்லது 39ஆவது இடத்து வேலினுக்குப் பதில் ஆர்ஜினைன் வைத்தால், உப்பிலும் பெப்டைடின் வீரியம் அதிகமாக நிற்கிறது. மக்காச்சோளத்தில் உப்பைத் தாங்கும் டிஃபென்சின் இயற்கையாகவே இருப்பதை 2019இல் மெல்போர்ன்காரர்கள் காட்டினார்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து வடிவமை. சோதனைத் தட்டிலேயே கண்ணீரின் உப்பும் புரதங்களும் இருக்கட்டும், அதில் தோற்பவற்றை முதல் மாதத்திலேயே கழித்துவிடு. மூன்று வருஷம் வளர்த்துவிட்டுக் கடைசியில் அழுவதைவிட அது மேல்.

அப்புறம், செலவு குறையும் என்று பெப்டைடை நறுக்கிச் சின்ன நேர்கோட்டுத் துண்டாக்கப் போவதாக எழுதியிருக்கிறாய். செலவு எனக்கும் முக்கியம்தான். ஆனால் புண்ணுக்குள் வெள்ளை அணுக்கள் கொட்டும் புரதம் வெட்டும் நொதிகளும், பூஞ்சையே விடும் நொதிகளும் நிறைந்து கிடக்கும். அந்தக் கந்தகப் பிணைப்புகள்தான் முழு டிஃபென்சினைக் காப்பாற்றுகின்றன. துண்டில் அது போய்விடும். முழு வடிவத்தையே ஈஸ்ட்டில் வளர்த்து எடுக்க முடிகிறதே, அதையும் ஒரு கையில் வைத்துக்கொள்.

மருந்து கண்ணில் எவ்வளவு நேரம் தங்கும் என்பதும் கேள்விதான், சில நிமிஷத்தில் கண்ணீர் கழுவிவிடும். ஆனாலும் ரத்தத்தில் ஊசியாகப் போடுவதைவிடக் கண் சுலபமான இடம். மேல்தோல் ஏற்கெனவே உரிந்திருப்பதால் வழி திறந்திருக்கிறது, கல்லீரல், சிறுநீரகத் தொந்தரவும் குறைவு. ஆஸ்திரேலியாவில் ஒரு நிறுவனம் செடி டிஃபென்சினை நகப் பூஞ்சைக்கு மனிதச் சோதனை வரை கொண்டுபோய், போதிய குணம் கிடைக்கவில்லை என்று 2022இல் நிறுத்தியது. அதைப் பார்த்து மனம் தளராதே. நகத்தைத் துளைத்துக்கொண்டு போவது வேறு கஷ்டம்.

ஒன்றே ஒன்று எனக்குப் பயமாக இருக்கிறது. இதே பெப்டைடுகளைப் பயிருக்குத் தெளிக்கவும் பல இடங்களில் ஆராய்கிறார்கள். உன் பக்கத்து நாடான நெதர்லாந்தில் துலிப் கிழங்குகளுக்கும் மற்றப் பயிர்களுக்கும் வோரிகோனசோலின் குடும்பமான அசோல் மருந்துகளைக் கொட்டி, அங்கே எதிர்ப்பு பெற்ற ஆஸ்பெர்ஜில்லஸ், அசோல் மாத்திரையே சாப்பிடாத நோயாளிகளின் நுரையீரல்களில் வந்து உட்கார்ந்ததே, நீதான் எனக்குச் சொன்னாய். கோதுமையைத் தாக்கும் ஃபியூசேரியத்தில் அந்தக் குளுக்கோசில்செரமைடைத் தயாரிக்கும் ஜீனை நீக்கினால், அது அல்ஃபால்ஃபா என்ற தீவனச் செடியின் டிஃபென்சினுக்கு மசிவதில்லை, நோய் உண்டாக்கும் திறனும் முழுதாகப் போவதில்லை என்று 2007லேயே காட்டியிருக்கிறார்கள். அதாவது தப்பிக்கும் வழி அதனிடம் இருக்கிறது. கண்ணுக்கு வைத்துக்கொள்ளும் வடிவத்தை வயலில் தெளிக்க விடக் கூடாது என்று உன் கட்டுரையிலேயே எழுது, சின்ன மாணவி சொன்னால் யார் கேட்பார்கள் என்று நினைக்காதே. அதோடு நாட்டமைசினோடு சேர்த்துப் போட்டால் என்ன ஆகிறது என்றும் பார். கேண்டிடாவில் செடி டிஃபென்சினும் காஸ்போஃபன்ஜின் என்ற பூஞ்சை மருந்தும் ஒன்றுக்கொன்று கைகொடுத்ததை உங்கள் ஊரிலேயே பார்த்திருக்கிறார்கள் அல்லவா.

ஃபியூசேரியம் வேண்டுமென்றால் நம் ஊர் நோயாளிகளிடமிருந்து எடுத்ததாக இருக்க வேண்டும், கிருமிகளைச் சேமித்து வைக்கும் வங்கியில் பல வருஷம் தூங்கிய ரகம் போதாது. ஆனால் இங்கிருந்து பார்சலில் போட்டு அனுப்ப முடியாது, 2002ஆம் வருஷப் பல்லுயிர்ச் சட்டத்தின் விதிகள் இருக்கின்றன, இரண்டு நிறுவனங்களும் முறைப்படி ஒப்பந்தம் போட வேண்டும், காகித வேலை மெதுவாகத்தான் நகரும். அதனால் உன் கைடிடம் இந்த வாரமே பேசிவிடு. அவர் ஒத்துக்கொண்டால் இங்கே யாரிடம் கேட்க வேண்டும் என்று நான் விசாரித்து வைக்கிறேன், என்னோடு வேலை பார்த்தவர்கள் இன்னும் லேபில் இருக்கிறார்கள்.

முருங்கைக்கீரைப் பொடியும் பருப்புப் பொடியும் அப்பா அனுப்பியிருக்கிறார், வந்து சேர்ந்ததும் சொல்லு.

அம்மா