வாலுக்குப் பின்னால் மூன்று துடுப்புகள்

அன்புள்ள சேகருக்கு,

கடிதம் கிடைத்தது. மூட்டுவலி குறைந்ததில் நிம்மதி. போர் விமானம் பறந்துகொண்டே படமெடுக்கும் பாம்பு போல மூக்கைத் தூக்கும் வித்தைதான் கோப்ரா. பேரன் காட்டிய அந்த வீடியோவைப் பார்த்துவிட்டு "இது சண்டையா, சர்க்கஸா?" என்று கேட்டிருக்கிறாய்.

முதலில் ஒரு திருத்தம், கோப்ராவுக்கு எஞ்சின் பீச்சை வளைக்கும் வசதி வேண்டும் என்று நினைத்துவிடாதே. 1989 பாரிஸ் விமானக் கண்காட்சியில் சோவியத் விமானி புகச்சோவ் கோப்ரா காட்டியது சாதாரண சு-27 விமானத்தில். அதில் த்ரஸ்ட் வெக்டரிங்கே, அதாவது எஞ்சின் பின்னால் பீச்சும் வாயுவை வளைத்து விமானத்தைத் திருப்பும் ஏற்பாடே, கிடையாது. மூக்கு எகிறும், திரும்ப விழும். நடுவில் விமானி அதை இஷ்டப்படி இடம் வலம் திருப்ப முடியாது. திருப்ப முடிந்தால்தான் சண்டைக்கு ஆகும். அதை முறையாகச் செய்து காட்டியது எக்ஸ்-31 என்ற ஆராய்ச்சி விமானம். அமெரிக்காவின் ராக்வெல் நிறுவனமும் ஜெர்மனியின் எம்பிபி நிறுவனமும் சேர்ந்து இரண்டே விமானங்கள் கட்டினார்கள். முதலாவது 1990 அக்டோபரில் பறந்தது.

சிக்கல் எங்கே என்றால், விமானத்தை இடவலம் திருப்பும் சுக்கானும் மேல்கீழ் திருப்பும் எலிவேட்டரும் காற்றை நம்பிப் பிழைக்கிறவை. வேகம் பாதியானால் அவற்றின் பலம் கால்வாசி. தாக்கு கோணம் (எதிர்க்காற்றுக்கும் இறக்கைக்கும் இடையிலான கோணம்) 70 டிகிரிக்குப் போனால் சுக்கான் இறக்கையின் கலங்கல் காற்றில் மூழ்கிவிடும், ஆட்டினாலும் பலன் இல்லை. எஞ்சினுக்கு அந்தக் கவலை கிடையாது. எக்ஸ்-31இன் எஃப்404 எஞ்சின் சுமார் 71 கிலோநியூட்டன் தள்ளும். அந்தப் பீச்சை 10 டிகிரி வளைத்தால் பக்கவாட்டில் 12 கிலோநியூட்டன் கிடைக்கும். பீச்சு வளையும் இடம் விமானத்தின் ஈர்ப்பு மையத்திலிருந்து 5 மீட்டர் பின்னால் என்று வைத்துக்கொள், 60 கிலோநியூட்டன்-மீட்டருக்கு மேல் திருப்புவிசை. முன்னோக்கிய உந்துதலில் கணக்குப்படி ஒன்றரை சதவீதம்தான் நஷ்டம். துடுப்பு பீச்சுக்குள் நுழைந்து தடுப்பதால் நிஜத்தில் கொஞ்சம் கூடுதல்.

துடுப்பு என்றேனே, அது அழகில்லாத ஏற்பாடுதான். நாசிலை, அதாவது பீச்சு வெளிவரும் எஞ்சின் வாயை, சுற்றி வெப்பம் தாங்கும் மூன்று கார்பன்-கார்பன் பலகைகள். தேவையானது உள்ளே மடங்கிப் பீச்சைத் தள்ளும். நாசா இதையே எஃப்-18 ஹார்வ் என்ற ஆராய்ச்சி விமானத்தில் இன்கோனெல் என்ற வெப்பம் தாங்கும் உலோகக் கலவைத் தகடுகளால் செய்தது. அங்கே நாசிலின் விரியும் பகுதியைக் கழற்ற வேண்டியிருந்ததால் ஒலிவேகத்தைத் தாண்டும் திறன் போயிற்று.

மேல்கீழ் மட்டும் வளைத்தால் போதாதா என்று நீ கேட்பாய். 70 டிகிரியில் விமானம் தன் பயணத் திசையைச் சுற்றி உருள வேண்டுமானால், உடம்பின் அச்சில் பார்த்தால் அது பெரும்பாலும் பக்கவாட்டுத் திருப்பம்: சைன் 70 என்பது 0.94, கோசைன் 0.34. அதனால்தான் இடவல வளைப்பு. அப்படித்தான் 1993 ஏப்ரல் 29 அன்று ஹெர்ப்ஸ்ட் திருப்பம் நடந்தது. மூக்கைத் தூக்கி, நின்ற இடத்தில் சுழற்றி, வந்த பக்கமே திரும்புவது. அதை யோசித்த வோல்ஃப்காங் ஹெர்ப்ஸ்ட் அதைப் பார்க்க உயிரோடு இல்லை.

வந்த தொல்லையில் எனக்குப் பிடித்தது மூக்கில் வந்தது. பெரிய கோணத்தில் மூக்கின் இரு பக்கமும் சுழல்கள் கிளம்பும். இரண்டும் சமமாக இருப்பதில்லை. கூர்முனையில் இருக்கும் மிகச் சின்னக் கோணலே எந்தப் பக்கம் வலுக்கும் என்று தீர்மானித்துவிடும். விமானம் தானாக ஒரு பக்கம் இழுக்கும், துடுப்புகளால் சமாளிக்க முடியாத அளவுக்கு. வைத்தியம் என்ன தெரியுமா? முனையைக் கொஞ்சம் மழுக்கி, பக்கத்துக்கு ஒன்றாக மெல்லிய பட்டைகள் ஒட்டினார்கள். அவ்வளவுதான். இன்னொன்று, துடுப்பு கைவிட்டால் மூக்கை இறக்க முன்னிறகு, அதாவது மூக்குப் பக்கம் இருக்கும் சின்ன இறக்கை, இருந்தது. இந்த ஏற்பாடு இல்லாமல் யாரும் 70 டிகிரிக்குப் போகக் கூடாது.

ஆனால் முதல் விமானம் விழுந்தது அந்தக் கோணத்தில் அல்ல. 1995 ஜனவரி 19, அமெரிக்காவின் எட்வர்ட்ஸ் விமானப்படைத் தளத்துக்குத் திரும்பும் வழியில். பெரிய கோணத்திலும் சரியாக அளக்கட்டும் என்று கீல் வகை பிடோட் குழாய், அதாவது எதிர்க்காற்றின் அழுத்தத்தை வைத்து வேகத்தை அளக்கும் குழாய், மாட்டியிருந்தார்கள். அதற்குச் சூடாக்கும் கம்பி இல்லை. காக்பிட்டில் சூடாக்கும் சுவிட்ச் மட்டும் இருந்தது. குழாயைப் பனிக்கட்டி அடைத்தது. உள்ளே சிக்கிய அழுத்தம் மாறவில்லை, இறங்க இறங்க வெளியழுத்தம் மட்டும் ஏறியது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் சுருங்க, வேகம் குறைகிறது என்று கணினி நம்பிவிட்டது. மெதுவாகப் பறக்கும்போது சுக்கான் போன்ற கட்டுப்பாட்டுப் பரப்புகளை அதிகம் ஆட்ட வேண்டும் அல்லவா? அப்படியே ஆட்டியது. விமானம் அலைந்து மூக்கு செங்குத்துக்கு மேல் எகிறியது. விமானி குதித்துத் தப்பினார். வேக அளவை நம்பாத மாற்று முறை ஒன்று அதே விமானத்தில் இருந்தது. அந்த முறைக்கு மாற்றும் சுவிட்சைப் போட்டிருந்தால் தரையிறக்கியிருக்கலாம்.

இனி உன் கேள்வி. ஒற்றைக்கு ஒற்றை மோதலில் எக்ஸ்-31 எஃப்/ஏ-18 போர் விமானத்தை நன்றாகவே மடக்கியது. ஆனால் ஒவ்வொரு திருப்பத்துக்கும் வேகத்தைச் செலவழிக்கிறாய், திரும்பி முடித்ததும் கிட்டத்தட்ட நிற்கிறாய். எதிரி தனியாக வரவில்லை என்றால் அந்த நேரத்தில் நீதான் இலக்கு. என் எண்ணத்தில் இதன் உண்மையான லாபம் தரையிறக்கத்தில்தான். மிஞ்சிய இரண்டாவது விமானம் 2003இல் 24 டிகிரி மூக்கைத் தூக்கி, 121 நாட் வேகத்தில் இறங்கியது. வழக்கமான இறக்கம் 175 நாட்.

உங்கள் தஞ்சாவூரில் இருக்கும் சு-30 எம்கேஐயில் துடுப்பு கிடையாது, நாசிலே ஆடும். இரண்டு நாசில்களில் ஒவ்வொன்றும் ஒரே தளத்தில் 15 டிகிரிதான் அசையும். அந்தத் தளங்களை 32 டிகிரி சாய்த்து வைத்திருப்பதால், ஒன்றை மேலும் மற்றதைக் கீழும் அசைத்தால் பக்கவாட்டிலும் திரும்பும். பேரனிடம் இரண்டு பென்சிலைக் கொடுத்துச் செய்து பார்க்கச் சொல்.

அன்புடன்,
முரளி