கெட் எங்கள் நிறத்துப் பையன்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில், விடுமுறையில் குழந்தைகளோடு பார்க்கப் பத்துப் படங்கள் என்று ஒரு பட்டியல் போட்டிருந்தீர்கள். ஏழாவதாக, ஜப்பானின் ஸ்டுடியோ ஜிப்லி என்ற கார்ட்டூன் பட நிறுவனம் 2006-இல் எடுத்த 'டேல்ஸ் ஃப்ரம் எர்த்ஸீ'. பட்டியலோடு எனக்குச் சண்டை இல்லை. "நாவலைப் படித்தவர்கள் வழக்கம்போலக் குறை சொல்வார்கள், கண்டுகொள்ள வேண்டாம்" என்று ஒரு வரி சேர்த்திருந்தீர்களே, அதற்குத்தான் இந்தக் கடிதம். நான் நாவலைப் படித்தவன். குறை சொல்லத்தான் போகிறேன்.

1983-இல் ஒரு பரீட்சை எழுத மெட்ராஸ் போனேன். பரீட்சை தேறவில்லை. ஊர் திரும்பும் நாளில் மூர் மார்க்கெட்டில் அட்டை இல்லாத ஓர் ஆங்கிலப் புத்தகத்தை இரண்டு ரூபாய்க்கு வாங்கினேன். உள்ளே பக்கம் முழுக்கத் தீவுகளாக ஒரு கடல் வரைபடம் இருந்தது. தூத்துக்குடிக்காரனுக்கு அது போதாதா? அமெரிக்க எழுத்தாளர் அர்சுலா கே. லெ குவின் 1968-இல் எழுதிய 'எ விஸார்ட் ஆஃப் எர்த்ஸீ', எர்த்ஸீ நாவல் வரிசையில் முதலாவது. லிஃப்கோ அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மூன்று மாதம் படித்தேன்.

கோன்ட் என்ற மலைத்தீவில் ஆடு மேய்க்கும் தாயில்லாப் பிள்ளை கெட்தான் கதாநாயகன். மந்திரம் கற்க ரோக் தீவுப் பள்ளிக்குப் போகிறான். (கண்ணாடி போட்ட இங்கிலாந்துப் பையன் மந்திரப் பள்ளியில் சேருவதற்கு ஏறக்குறைய முப்பது வருடம் முந்தி.) அங்கே வீம்புக்கு ஒரு வித்தை செய்து காட்டப்போய், ஒரு நிழலை உலகத்துக்குள் அவிழ்த்து விட்டுவிடுகிறான். மீதிக் கதை முழுக்க அந்த நிழல் அவனைத் துரத்துவதும், பிறகு அவன் படகேறி அதைத் துரத்துவதும்தான். அந்தப் படகை அவனுக்குக் கொடுக்கும் கிழவர், முன்முனையில் இரண்டு பக்கமும் கண் எழுதச் சொல்கிறார், பாறை தட்டாமல் அது பார்த்துக்கொள்ளும் என்று. எங்கள் பெரியப்பா வைத்திருந்த வள்ளத்திலும் கண் எழுதியிருந்தது. அந்தப் பக்கத்தை அவருக்குத் தமிழில் சொல்லிக் காட்டினேன். "எழுதினவ நம்ம ஊருக்கு வந்திருப்பாளோ?" என்று கேட்டார்.

நிறத்துக்கு வருகிறேன். முதல் அத்தியாயத்திலேயே கோன்ட் தீவைக் கொள்ளையடிக்க ஒரு கூட்டம் வருகிறது. வெள்ளைத் தோல், மஞ்சள் முடி. அங்கேயே எனக்குச் சின்னதாக ஒரு நெருடல். அதுவரை நான் படித்த ஆங்கிலக் கதைகளில் அந்த நிறத்தார் கொள்ளையடிப்பவர்களாக வந்ததில்லை. அப்புறம் போகிறபோக்கில், ஏதோ சட்டை நிறத்தைச் சொல்வதுபோல, நம் பையன் செம்பும் பழுப்பும் கலந்த நிறம் என்று வருகிறது. அவனுடைய உயிர்த்தோழன் வெட்ச் அவனைவிடக் கறுப்பு. ஆசிரியை இதை முதல் பக்கத்தில் சொல்லவில்லை. அவனோடு நாம் நன்றாக ஒட்டிக்கொண்ட பிறகே சொல்கிறார். அந்த வரியை நான் மூன்று முறை அகராதி வைத்துப் பார்த்தேன், தப்பாகப் புரிந்துகொண்டேனோ என்று.

எனக்கு ஏன் இது இவ்வளவு பெரிய விஷயம் என்று நீங்கள் கேட்கலாம். என் கல்யாண ஆல்பத்தைப் பார்த்தால் தெரியும். போட்டோ பிடித்தவர் எங்களைக் கேட்காமலேயே என் முகத்தைத் தொட்டுச் சரிசெய்து சந்தன நிறமாக்கிவிட்டார். கையை மறந்துவிட்டார். சந்தன முகமும் கரிக் கையுமாக நாற்பது படங்கள். என் மனைவி இன்றைக்கும் அதைக் காட்டிச் சிரிப்பாள். நானும் சிரிப்பேன், அது வேறு.

2004 டிசம்பரில் அமெரிக்காவின் சைஃபை சானல் முதலிரண்டு நாவல்களைக் கலந்து இரண்டு பாகமாக ஒரு டிவி படம் எடுத்தது. சில வருடம் கழித்து என் மகள் சென்னையிலிருந்து டிவிடி கொண்டுவந்தாள். போட்டதும் அதே ஆல்பம். கெட் வெள்ளைக்காரப் பையன். குரு ஓகியனாக வரும் டேனி குளோவரைத் தவிர முக்கியமானவர்கள் எல்லாரும் ஏறக்குறைய வெள்ளை. புத்தகத்தில் உண்மையிலேயே வெள்ளை நிறமான தெனார் என்ற பெண்ணுக்குத்தான் சீன வம்சாவளி கலந்த நடிகையைப் போட்டிருந்தார்கள். லெ குவினே அந்த மாதமே ஸ்லேட் இணைய இதழில் கட்டுரை எழுதிச் சண்டை போட்டார். வெள்ளையடித்துவிட்டார்கள் என்று தலைப்பிலேயே சொல்லியிருந்தார்.

அதைக்கூடப் பொறுத்திருப்பேன். பெயரைக் கெடுத்ததைத்தான் பொறுக்க முடியவில்லை. எர்த்ஸீ என்ற அந்தத் தீவுலகில் ஒவ்வொருவருக்கும் இரண்டு பெயர். ஊர் கூப்பிட ஒன்று, உயிரோடு ஒட்டியது ஒன்று. நம் பையன் பறவைகளைக் கூப்பிட்டு இறக்குவதால் ஊர்ப்பிள்ளைகள் அவனை ஸ்பாரோஹாக் என்பார்கள், நம் வல்லூறு மாதிரி ஒரு பறவை. பதின்மூன்று வயதில் குளிர்ந்த ஆற்றைக் கடந்து கரையேறும்போது ஓகியன் அவன் கையைப் பிடித்துக் காதில் சொல்லும் உண்மைப் பெயர் கெட். நம் வீடுகளிலும் குழந்தையின் காதில் மூன்று முறை பெயர் சொல்கிறோமே, அப்படி. ஆனால் அதை வேறு யாருக்கும் சொல்லக்கூடாது. தெரிந்தவன் கையில் உன் உயிர். நிழலிடம் அடிபட்டு, வெட்கத்தில் குறுகிக் கிடக்கும் கெட்டிடம் வெட்ச் தன் உண்மைப் பெயரைத் தானாகச் சொல்கிறான், எஸ்டாரியோல் என்று. அந்த நட்புக்காகவே புத்தகத்தை நான் நாலைந்து முறை படித்திருக்கிறேன். டிவி படத்தில் இரண்டு பெயரையும் தலைகீழாக மாற்றிவிட்டார்கள். ஊரே 'கெட், கெட்' என்று கூப்பிடுகிறது, ஸ்பாரோஹாக்தான் ரகசியமாம்!

சரி, உங்கள் ஏழாம் நம்பர் படம். பெயர்களை ஜப்பான்காரர்கள் ஒழுங்காக வைத்திருந்தார்கள். கெட்டும் கொஞ்சம் மாநிறம்தான். வானமும் மேகமும் பார்க்கப் பார்க்க ஆசையாக இருந்தது. எண்பதுகளில் ஜிப்லியின் பேர்பெற்ற இயக்குநர் ஹயாவோ மியாசாகி எர்த்ஸீயைப் படமாக்கக் கேட்டபோது, யாரென்றே தெரியாமல் லெ குவின் மறுத்துவிட்டாராம். பின்னால் மியாசாகியின் 'மை நெய்பர் டோடோரோ' பார்த்துவிட்டுச் சம்மதித்தார். ஆனால் இயக்கியது மகன் கோரோ. அவருக்கு அது முதல் படம். தொடங்கியதுமே இளவரசன் ஆரென் தன் தகப்பனைக் கத்தியால் குத்துகிறான். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பேத்தி, "ஏன் தாத்தா குத்தினான்?" என்றாள். எனக்குப் பதில் தெரியவில்லை. வரிசையின் மூன்றாவது புத்தகத்தில், மந்திரம் வற்றிப்போகிறது என்ற சேதியை ரோக்கிற்குச் சொல்லிவர அந்தத் தகப்பன்தான் ஆரெனை அனுப்பிவைக்கிறார். அந்த மகன் எதற்குக் குத்த வேண்டும்?

தேரு என்ற சிறுமியை எடுத்துக்கொள்ளுங்கள். நான்காவது நாவலில் நெருப்பில் எரிக்கப்பட்ட குழந்தை, முகத்தில் பாதி இல்லை, ஒரு கண் போய்விட்டது, ஒரு கை வளைந்த நகம்போல ஆகிவிட்டது. அவளைப் பார்க்க ஊரே பயப்படும்; தெனார் மட்டும் தூக்கி வளர்ப்பாள். படத்தில் அழகான பெண், கண்ணைச் சுற்றிச் சிவப்பாக ஒரு தழும்பு. இங்கேயும் என் கல்யாணப் போட்டோக்காரர் வந்துவிட்டார், போங்கள். கடைசியில் வில்லனைக் கொன்றதும் எல்லாம் சரியாகிவிடுகிறது. நிழலுக்குத் தன் பெயரையே சொல்லிக் கட்டிக்கொண்ட கெட்டின் கதையா இது?

லெ குவின் கோரோவிடம் பெருந்தன்மையாக, இது என் புத்தகமல்ல, உங்கள் படம், நல்ல படம் என்ற மாதிரிதான் சொன்னார். கோரோ அதை வெளியிட்டதும், லெ குவின் தான் கண்ட குறைகளையும் விரிவாக எழுதினார். 2018 ஜனவரியில் இறந்துபோனார். குறை சொல்கிற படித்தவர்களின் வரிசையில் முதல் ஆள் அவர்தான், ஆசிரியர் அவர்களே.

அடுத்த முறை பட்டியல் போடும்போது பக்கத்திலேயே புத்தகத்தின் பெயரையும் போடுங்கள். கடிதத்தை வெளியிட்டால் என் பெயர் வேண்டாம். துறைமுகத்தில் முப்பத்தாறு வருடம் என்னைக் கூப்பிட்ட பெயரே போதும். அதுவும் ஒரு பறவைதான்.

இப்படிக்கு,
கரிச்சான்,
தூத்துக்குடி.